பிள்ளைக்கேற்ற வண்டி



சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் இரவு, வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய மகன் பூதப்பாண்டியில் தாயுடன் இருக்கிறான். பங்குனியில் அவனுக்கு ஒன்பது வயது நிறைகிறது. அதற்குப் பரிசாக ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றை வாங்கித் தர எண்ணியிருப்பதாகக் கூறி, "சித்தப்பா, எந்த அளவு வாங்கினால் நாலைந்து வருஷம் ஓட்டுவான்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் என்னைக் கேட்டான். 'நாலைந்து வருஷம்' என்ற சொற்கள் என்னை உறுத்தின.

சுற்றுலாக் கடற்கரைகளில் இவ்வண்டியை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். அகன்ற நான்கு டயர்களும், குதிரைமேல் அமர்வதுபோல் கால் பரப்பி அமரும் இருக்கையும், சைக்கிளுக்குரியது போன்ற கைப்பிடியும் கொண்டது. சக்கரம் நான்கு இருப்பதால் கவிழாது என்று எண்ணிவிடாதீர்கள். வளைவிலும் சரிவிலும் ஓட்டுபவர் தம் உடலைச் சாய்த்து எடையை மாற்றினால்தான் அது நிலைகொள்ளும். பெரியவர்கள் ஓட்டும் வண்டி சுமார் 300 கிலோ எடையுள்ளது. 26 கிலோ எடையுள்ள சிறுவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு ஒரு பொருட்டாகுமா? கவிழ்ந்தாலோ அவன்மேல்தான் விழும்.

இவ்வண்டிகள் மிகுதியாக ஓடும் அமெரிக்காவில் இதனைப் பட்டுத்தான் அறிந்தார்கள். 1988-ல் அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வகையின் விற்பனை நிறுத்தப்பட்டது, 90 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் 16 வயதுக்குக் குறைந்தோருக்கு ஆகாது என்றும் வரையறுத்தனர். பின்னர் எஞ்சினை விட்டு வேகத்தையே அளவாகக் கொண்டார்கள். ஆறு வயது முதலான பிள்ளைகளுக்குரிய வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாகாது. பெற்றோர் அதனை 16 கிலோமீட்டராகக் குறைத்து வைக்கவும் அதில் கருவி உண்டு. இத்தனைக்குப் பிறகும், அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 16 வயதுக்குட்பட்ட எவரும் இதனை ஓட்ட வேண்டாம் என்றே கூறுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவானது. பொதுச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும், 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அண்ணன் மகனிடம் நான் கூறியது இதுதான்: ரதவீதியில் ஓட்டினால் சட்டம் பொறுக்காது, வயலில் ஓட்டினால் வரப்புப் பொறுக்காது, தாடகை மலையடிவாரச் சரிவில் ஓட்டினால் உன் மகனின் எலும்பு பொறுக்காது. "சைக்கிள் போதும்" என்றேன். அவனும் இசைந்தான். "அப்படியானால் பெரியதாகவே வாங்குங்கள், காலேஜ் வரைக்கும் ஆகுமல்லவா?" என்றான்.

இது அவனுடைய குற்றமன்று. நம் வீடுகளின் சிக்கனம் அது. பள்ளிச் சட்டையை ஓர் அளவு பெரிதாகவே தைக்கிறோம். சட்டை பெரிதானால் தோழர்கள் சிரிப்பார்கள், அவ்வளவே. வண்டி பெரிதானால் நேர்வதென்ன என்பதற்கு என் இடது முழங்கையே சான்று. அது இன்றும் முழுவதும் நிமிராது.

1960-களில், பதினோரு வயதில், என் தந்தையின் சைக்கிளில் ஓட்டப் பழகினேன். 28 அங்குலச் சக்கரம். அதன் பார் என் இடுப்புக்கு மேலே நின்றது. ஆகவே வலக்காலைப் பாரின் கீழே நுழைத்து, உடலை ஒருபுறமும் வண்டியை மறுபுறமும் சாய்த்து மிதிக்கும் குரங்குப் பெடல்தான் வழி. வலக்கை இருக்கையை அணைத்துக்கொண்டிருக்கும். இடக்கை கைப்பிடியில் இருக்கும். ஆனால் சிறு விரல்கள் பிரேக்கை எட்டா, எட்டினாலும் அந்தக் கம்பிப் பிரேக்கை இழுத்துப் பிடிக்க வலு போதாது. சமநிலத்தில் இவையெல்லாம் தெரிவதில்லை. பழையாற்றங்கரையிலிருந்து இறங்கும் சரிவில் தெரிந்தது. நிறுத்த இயலாமல் கால்வாய்ப் படித்துறையின் கல்லில் விழுந்தேன். வர்ம ஆசான் கட்டுப் போட்டார். அவர் அவிழ்க்கும் முன்பே அதைக் கழற்றி எறிந்துவிட்டு விளையாடச் சென்றவன் நானே. என் தந்தை என்னை அடிக்கவில்லை. வண்டியைத் துடைத்தபடி, "அடுத்த வருஷம் கால் எட்டிவிடும்" என்றார்.

வியப்பு என்னவென்றால், சைக்கிளின் தொடக்க காலத்தில் வண்டி வாங்குவோர் காலை அளந்தே வாங்கினார்கள். 1870-களில் இங்கிலாந்தில் ஓடிய பெரிய முன்சக்கர வண்டியில், மிதிகட்டை நேரே அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. கால் எட்டும் அளவுக்கு மேல் சக்கரம் பெரிதாக வழியே இல்லை. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் தாழ்ந்த வண்டியைக் கொணர்ந்தார்; 'பாதுகாப்பு சைக்கிள்' என்று அதற்குப் பெயர். நாம் இன்று ஓட்டுவது அதன் வழிவந்ததே. வண்டி தாழ்ந்தது நல்லதாயிற்று. அளவு நாடாவை மறந்ததுதான் நல்லதன்று.

நாகர்கோவிலுக்குப் புறப்படும் முன், பேரனைச் செருப்பின்றிச் சுவரோடு நிறுத்தினேன். கால்களுக்கிடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே தட்டும்வரை உயர்த்தி, தரையிலிருந்து அதன் விளிம்புவரை அளந்தேன்: 59 சென்டிமீட்டர். புதிதாகப் பழகுபவனுக்கு, இருக்கையின் மிகத் தாழ்ந்த நிலை இவ்வளவுக்கு மேற்படலாகாது. அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். கடைக்காரர் 24 அங்குலச் சக்கர வண்டியை உருட்டி வந்து, "ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் சார்" என்றார். என் தந்தையின் குரலே கேட்டதுபோலிருந்தது. அதன் இருக்கை எவ்வளவு தாழ்த்தியும் 70 சென்டிமீட்டர்! 20 அங்குல வண்டியில் அது 58-க்கு இறங்கிற்று. அதைத் தராசிலும் நிறுத்தச் சொன்னேன்: 13 கிலோ, பேரனின் எடையில் பாதி. இதைவிடக் கனமானது வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிரேக் அவன் விரல்களுக்குச் சற்றே தொலைவில் இருந்தது. பிரேக் பிடியின் அடியிலுள்ள சிறு திருகை முடுக்கினால் அது கைப்பிடியை நெருங்கி வரும். கடைக்காரரே அதைச் செய்து தந்தார். வண்டியைத் தள்ளச் சொல்லி, "பிடி" என்றேன். சக்கரம் நின்றது. தலைக்கவசமும் ஒன்று வாங்கினோம். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்பதாக.

கும்பப்பூ அறுவடை முடிந்து களம் காலியாக இருந்தது. மிதிகட்டைகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். (இடப்பக்கத்தது மறுபுறமாகத் திருகினால்தான் கழலும், இது தெரியாமல் மரையைக் கெடுத்தவர் பலர்.) 1817-ல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் மிதிகட்டை கிடையாது, தரையைக் காலால் உந்தியே அவர் சென்றார். பேரனும் அவ்வாறே உந்தினான். நான்காம் நாள் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு களத்தின் பாதிவரை சென்றான். ஆறாம் நாள் மிதிகட்டையை மாட்டினேன். என் முழங்கை பட்ட பாடு அவனுக்கு நேரவில்லை; முட்டியில் ஒரு சிராய்ப்பு மட்டுமே.

உங்களிற் பலருக்குப் பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் கிடைத்திருக்கும், அல்லது கிடைக்கும். அது உங்கள் உயரத்துக்கு உரியது. மாலையில் அதை நிறுத்தியதும், ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பியோ தங்கையோ பாரின் கீழே கால் நுழைக்க வருவார்கள். சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆடியில் பேரனை மீண்டும் சுவரோடு நிறுத்தினேன். "பாட்டா, வளர்ந்துவிட்டேனா?" என்றான். 60 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தான். இருக்கையை ஒரு விரற்கடை உயர்த்தினேன். 'நாலைந்து வருஷம்' வராதே என்று அவன் தந்தைக்கு இன்னும் குறைதான். அடுத்த தெருவில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வண்டி எப்போது தனக்கு வரும் என்று கேட்டு, வாரந்தோறும் வந்து இருக்கையில் அமர்ந்து, கால் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.