சங்க ஊழியர் தலைவராவது எப்படி?

(பூதலூரில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் முழங்குகிறவரே தலைவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உண்மையானால் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சையில் தலைவராகியிருக்கவே முடியாது. அவருடைய தாய்மொழி கன்னடம். தமிழ் பின்னால் கற்றுக் கொண்டது.

1943-ல் கட்சி அவரை இந்த ஜில்லாவுக்கு அனுப்பியது. அந்நாளில் பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். கூலி நெல் அளக்கும் மரக்காலிலும் மோசடி. பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவர் சேரிக்குள் சென்றார், அங்கேயே உண்டார், உறங்கினார். ஊர் வியந்தது. ஆனால் சேரியில் சாப்பிட்டதோடு நின்றிருந்தால் அவர் நல்ல மனிதர், அவ்வளவுதான். ஜனங்கள் சொன்ன வேதனையையே அவர் கோரிக்கையாக்கினார். அடிக்காதே, சாணிப்பால் கொடுக்காதே, சரியான மரக்காலால் அள! இதற்கு விளக்கவுரை வேண்டுமா? 1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்கள் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள்.

அவர் மட்டுமே தலைவராக இருக்கவுமில்லை. களப்பால் குப்புவும் பி.எஸ். தனுஷ்கோடியும் சேரியிலிருந்தே எழுந்தவர்கள். 1948-ல் அடக்குமுறை வந்தது. குப்பு அந்த ஆண்டே திருச்சி சிறையில் மாண்டார். சீனிவாசராவ் தலைமறைவானார். 1950-ல் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போதும் சங்கம் சாகவில்லை; தெருவுக்குத் தெரு ஆள் இருந்தது. 1952-ல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது சர்க்காரின் கருணையால் அல்ல. 1961 செப்டம்பர் 30-ல் சீனிவாசராவ் மறைந்த பிறகும் செங்கொடி இறங்கவில்லை.

நம்முடைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நடவுக் கூலி பேசப் போனோம். நிலக்காரர்களும் நாமும் உட்கார்ந்து கூலியை உயர்த்திப் பேசி முடித்தோம். வெற்றி என்று தெருவில் அறிவித்தோம். நடவுப் பெண்கள் கை தட்டவில்லை. வயதான ஓர் அம்மா கேட்டார்: "கூலி சரி, தம்பி. எத்தனை மணிக்குக் கரையேறுறது? அதைப் பேசினீங்களா?"

பேசவில்லை. கேட்டிருந்தால் அல்லவா தெரியும்! கூலி ஏறியது, வேலை நேரமும் கூடவே ஏறியிருக்கும்.

மறுநாள் அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் அழைத்துக் கொண்டு மறுபடி போனோம். அன்று நாம் அதிகம் பேசவில்லை. அவர்களே பேசினார்கள். நேரமும் ஒப்பந்தத்தில் ஏறியது. இப்போது அந்தத் தெருவின் சங்கச் சந்தாவை வசூலிப்பது அந்த அம்மாதான். பாக்கி வைக்க எவருக்கும் துணிவில்லை, நம் ஊழியர் உட்பட.

இந்தப் பருவத்து நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மாலையாவது உட்கார்ந்து கேட்டு விட்டு வாருங்கள். கோரிக்கையைப் பிறகு எழுதலாம்.