வண்டியின் முகமும் பிள்ளைகளின் உயரமும்
(டிரஸ்ட் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நமது டிரஸ்ட் ஆம்புலன்ஸின் முன்னால் இருந்த இரும்பு பம்பரை ஏன் கழற்றினோம் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். காசு கொடுத்துப் போட்டதை எடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவர்களுக்கு. அதைப் போட்டதும் நாங்கள்தான். இடித்தால் வண்டிக்குச் சேதம் வராது என்று நினைத்தோம். இடிபடுகிறவரைப் பற்றி நினைக்கவில்லை.

தாழ்ந்த மூக்குள்ள கார் ஒரு பெரியவர் மீது மோதினால், அடி முதலில் காலில் விழுகிறது. ஆள் பானெட் மேல் சாய்கிறார். தகடு நசுங்கி அடியில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. கால் முறியலாம், கண்ணாடியில் தலை மோதினால் உயிருக்கே ஆபத்துதான். ஆனாலும் பிழைக்க வழி உண்டு. முகம் உயர்ந்து சுவர் போல நிற்கும் வண்டியோ இடுப்பிலும் நெஞ்சிலும் மோதுகிறது. ஆள் முன்னால் எறியப்பட்டுச் சக்கரத்தின் அடியில் போகவும் நேரும்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வுக் கழகம், ஏறக்குறைய 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு கணக்குச் சொன்னது. 30 அங்குலத்துக்கு மேற்படாத, சரிந்த முகமுள்ள வண்டியைவிட, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி மோதினால் நடந்துபோனவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்றால் மூன்றடி நாலு அங்குலம். மத்ரஸாவில் ஓத வரும் ஆறு வயதுப் பிள்ளையை அந்த உயரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலை மட்டும்தான் மேலே தெரியும். வண்டியை ஒட்டி நின்றால் டிரைவருக்கு அதுவும் தெரியாது.

இதன்மேல் இரும்பு பம்பரும் சேர்ந்தால், நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்காத பொருள். ஏர்பேக் சென்சாருக்கு மோதல் சரியாக எட்டாமல் போனால் உள்ளே இருப்பவருக்கும் கேடுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு இது விரோதம் என்று, நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. இன்றும் கடையில் பூட்டித் தருகிறார்கள், நாமும் பூட்டிக்கொள்கிறோம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஸதகா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம்தான்!

தர்காவுக்கு வந்துவிட்டுச் சென்னை பஸ் பிடிக்க ஈசிஆரைக் கடப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். வேனும் ஜீப்பும் வைத்திருக்கும் நம் வீட்டார் இந்த வாரமே பம்பரைக் கழற்றிவிடுங்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சில போல்ட்டுகள்தான். அதைப் பழைய இரும்புக்குப் போட்ட பணம் ஆம்புலன்ஸ் டீசல் கணக்கில் வரவாகியிருக்கிறது. ரசீதை அலுவலகத்தில் பார்க்கலாம்.