அயர்லாந்தின் கடற்பயணக் கதை



அயர்லாந்தின் பழைய இலக்கியத்தில் ‘இம்ரம்’ என்றொரு கதைவகை உண்டு. துடுப்பு வலித்துக் கடலில் சுற்றி வருதல் என்பது அச்சொல்லின் பொருள். அவ்வகையுள் மேல்டூன் என்னும் வீரனின் பயணம் பெரும்புகழ் பெற்றது.

தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கவே மேல்டூன் தோற்படகு கட்டிப் புறப்படுகின்றான். பகைவன் தங்கிய தீவை நெருங்கும் வேளையில் பெருங்காற்று எழுந்து படகை நடுக்கடலுக்கு அடித்துச் செல்கின்றது. அதன்பின் தீவு தீவாக அலைகின்றான். ஒரு தீவிலே ஆளற்ற மாளிகை. சுவரெங்கும் பொன்னும் வெள்ளியுமான அணிகள். உள்ளே ஒரு சிறு பூனை. அங்கிருந்த உணவை அவர்கள் உண்டனர், உறங்கினர், பூனை தடுக்கவில்லை. புறப்படும்போது, மேல்டூனுடன் ஒருங்கே வளர்ந்த மூவருள் ஒருவன் கழுத்தணி ஒன்றை எடுத்தான். பூனை தீயம்புபோல் பாய்ந்தது; அவன் சாம்பலானான். மேல்டூன் அணியை அதன் இடத்திலேயே வைத்து, பூனையை இன்சொல்லால் தணித்து அகன்றான்.

விருந்து வேறு, கொள்ளை வேறு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லல் அரிது. பேரரசுகளோ இவ்வேறுபாட்டை மதித்ததில்லை. அயர்லாந்தே அதற்குச் சான்று. 1169-இல் நார்மானியப் படை அங்கு இறங்கிற்று. 17-ஆம் நூற்றாண்டில் அல்ஸ்டர் பகுதி நிலங்கள் பறிக்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த குடியேறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். 1922-இல் தன்னாட்சி அரசு அமைந்தபோதும் நாடு பிளவுண்டே நின்றது. நம் கதை இவற்றுக்கெல்லாம் முற்பட்டது. ஆதலின் அந்நிய ஆட்சிக்கு மறுப்பாக எழுந்ததன்று. ஆயினும் அவ்வாட்சியை அளந்து பார்க்க ஓர் அளவுகோலை அது தருகின்றது.

இக்கதையை 1888, 1889-ஆம் ஆண்டுகளில் பதிப்பித்து வெளியிட்டவர் டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ். 1862-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையிலும் கல்கத்தாவிலும் பணியாற்றி, 1877 முதல் 1882 வரை வைசிராய் அவையின் சட்ட உறுப்பினராக விளங்கியவரும் அவரே. ஒரு கை பேரரசுக்குச் சட்டம் எழுதிற்று. மறு கை அப்பேரரசின்கீழ் நலிந்த மக்களின் பழங்கதையைக் காத்தது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

பயணத்தின் இறுதியில், கடலிடைப் பாறையொன்றில் வாழும் முதிய துறவியை மேல்டூன் காண்கின்றான். திருக்கோயிற் பொருளைத் திருடி, பின் அதனைக் கடலில் எறிந்து மீட்சி பெற்றவர் அவர். “பகைவனை மன்னித்துவிடு” என்கின்றார் அவர். மேல்டூனும் பழியை மறந்து, பகைவனின் இல்லத்திலேயே விருந்தினனாகின்றான்.

இக்கதையில் மன்னிக்கச் சொல்பவர், தாம் கவர்ந்ததைக் கைவிட்டவர். மன்னிப்பவன், தன்னவன் கவர்ந்ததை மீட்டு வைத்தவன். கவர்ந்ததைக் கைவிடாமலே, இழந்தோரிடம் பழையதை மறக்குமாறு கேட்பது சமாதானமாகாது. விடுதலையைப் பற்றிச் சிந்திப்போர்க்கு இப்பழங்கதை வழங்கும் அறம் இதுவே.