வட்டி குறைந்தது – யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ஜினீயருக்கு ரிசர்வ் வங்கியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஆர்டர் வருவதும் நிற்பதும் வட்டியோடு சம்பந்தப்பட்டதுதான்.

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டிதான் ரெப்போ விகிதம். 2025-ல் அது நான்கு முறை குறைந்து, 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு வந்தது. 20 வருடத்துக்கு 30 லட்சம் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு வட்டி 9.5-லிருந்து 8.5 ஆனால், மாதம் சுமார் 1,900 ரூபாய் மிச்சம். தில்லை நகரில் ஃபிளாட் வாங்கிய நம்மவர்களுக்குச் சந்தோஷம்தான்.

காந்தி மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கும் அம்மாவுக்கு? காலையில் 90 ரூபாய் வாங்கி மாலையில் 100 திருப்பும் வட்டிக்கு ரெப்போவாவது ஒன்றாவது!

முக்கொம்பில் ஷட்டரைத் தூக்கினாலும், வாய்க்கால் இல்லாத வயலுக்குத் தண்ணீர் ஏறாது. கடனுக்கு வாய்க்கால், சொத்துப் பத்திரம். அது யார் வீட்டுப் பெட்டியில் இருக்கும் என்பதைத் தலைமுறைகளாகத் தீர்மானித்தது சாதி. தாழ்த்தப்பட்டோருக்கென்று 1892-க்குப் பின் ஒதுக்கிய பஞ்சமி நிலத்திலும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. ரிசர்வ் வங்கி சாதி பார்ப்பதில்லை. ஆனால் அது விடும் பணம் சாதி வெட்டிய வாய்க்காலில்தான் ஓடுகிறது.

வட்டி ஏறும்போதோ கதை தலைகீழ். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனது. விலைவாசியை அடக்க வேண்டியதுதான்; விலை ஏறினாலும் கூலிக்காரர்தானே அடிபடுகிறார். ஆனால் வட்டி ஏறினால் முதலாளி விரிவாக்கத்தைத் தள்ளிப்போடுவார். முதலில் வேலை போவது ஒப்பந்தத் தொழிலாளிக்கு. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1979-க்குப் பின் அங்கே வட்டியைக் கடுமையாக உயர்த்தினார்கள். 1983 ஜனவரியில் வெள்ளையரிடையே வேலையின்மை 9 சதவீதம், கறுப்பரிடையே 21.

வாய்க்கால் வெட்ட முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்குமாவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் என்றது. விதி இருக்கு, கவுன்ட்டரில் நின்று அதைக் கேட்கத் தெம்பு வேண்டுமே!

அங்கேதான் நாம் வருகிறோம். பட்டறை நடத்தும் நண்பர்களே, உங்களிடம் பத்து வருடம் வெல்டிங் செய்தவர் தனியாகத் தொழில் தொடங்கினால் முதல் ஆர்டரை நீங்கள் கொடுங்கள். அவர் பில்லை 45 நாளுக்குள் தீருங்கள்; 2006-ஆம் வருடச் சட்டமே அதைத்தான் சொல்கிறது. தம்பி தங்கைகளே, அவருக்கு ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து, வங்கிக்குக் கூடவே போய் வாருங்கள்.

ரெப்போ விகிதம் நம் கையில் இல்லை. இது இருக்கிறது.