கனமும் நளினமும்

சங்கீதப் பட்டம் பெறும் இளம் வித்துவான்களே, விதுஷிகளே!

சுருதி பிசகாமலும் தாளம் தவறாமலும் பாடத் தெரிந்தவர்கள் என்று உங்களுக்கு நற்சாட்சி வழங்கப்பட்டிருக்கும் இவ்வேளையில், "இனிமேல் பாவத்தைக் கவனியுங்கள்" என்று உபதேசம் செய்வது இத்தகைய மேடைகளின் சம்பிரதாயம். வித்தையையும் உணர்ச்சியையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கும் அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆதலால் அந்த உபதேசத்தை விட்டுவிடுகிறேன்.

தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனியக் கட்டையை அழுத்தியதுபோல் அதை அசையாமல் நிறுத்திவிட்டால் தோடி ஓடி ஒளிந்துகொள்கிறது. அந்த ஸ்வரம் அசைகின்ற அசைவிலேதான் ராகத்தின் சோபை முழுவதும் இருக்கிறது; அசைவு சற்று விரைந்தால் நடுக்கம், சற்றுத் தளர்ந்தால் அபஸ்வரம். கேட்பவர் நெஞ்சம் உருகுவதும் அந்த இடத்திலேதான், பாடுபவரின் பல வருஷத்துச் சாதகம் குடியிருப்பதும் அந்த இடத்திலேதான் என்னும்போது, இரண்டையும் எந்தக் கத்தி கொண்டு பிரிப்பது?

நிரவலும் அப்படித்தான். சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்தில் வந்து விழ, ராகத்தின் சாயல்கள் மாத்திரம் ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம் புதியனவாக மலரும்படி பாடவேண்டிய அவ்விடத்தில், சொல்லைச் சிதைத்தவன் அர்த்தத்தை இழக்கிறான். இடத்தைத் தவறவிட்டவன் லயத்தை இழக்கிறான். 1949-இல் சென்னையில் தோன்றிய மத்திய கர்நாடக சங்கீதக் கல்லூரியின் முதல் தலைவராக அமர்ந்த முசிரி சுப்பிரமணிய ஐயர் நிரவலில் பெற்ற கீர்த்தியை நீங்கள் அறிவீர்கள். உருக்கத்திற்குப் பெயர்போன அவர், உருகுகிறேன் என்று சொல்லித் தாளத்தினிடம் சலுகை கேட்டவரல்லர்.

இந்த விஷயத்தில் என் மனத்தில் முதலில் நிற்பவர் கனம் கிருஷ்ணையர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், தம் தந்தையாரின் குருவும் உறவினருமான இவருடைய சரித்திரத்தை எழுதி வைத்திராவிட்டால், இவரை நாம் பெயரளவில்தான் அறிந்திருப்போம். ஆந்திர தேசத்திலிருந்து தஞ்சை சமஸ்தானத்துக்கு வந்த பொப்பிலி கேசவையாவின் கனமார்க்கம் என்னும் பாடும் முறையைக் கேட்டு, தேகபலமும் கடும் அப்பியாசமும் வேண்டிய அந்த மார்க்கத்தைத் தாமும் சாதித்து, அதன் பெயரையே தம் பெயருக்கு முன் அடைமொழியாகப் பெற்றவர் அவர். அத்தகைய கம்பீர சாரீரம் படைத்தவர் இயற்றியவை எவை? நாயகியின் ஊடலையும் தாபத்தையும் மெல்லிய குரலில் சொல்லும் தமிழ்ப் பதங்கள்! உரத்த நாதத்தைத் தம் வசப்படுத்தியதனாலேயே அதை அடக்கும் அளவையும் அவர் அறிந்திருந்தார் என்பது என் அனுமானம்.

இக்காலத்துக் கச்சேரிகளிலோ கோர்வைக்கு மேல் கோர்வையாக அடுக்கிக் கரகோஷம் பெறுவோர் ஒரு சாரார். கண்ணை மூடி, முகத்தைக் கோணி, விலகும் சுருதிக்குப் பக்தியைச் சமாதானமாகக் கூறுவோர் மற்றொரு சாரார். (தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பியைத் தேடி எழுந்து போகும் ரஸிகசிகாமணிகளைப்பற்றி இன்று நான் பேசப்போவதில்லை.) இவ்விரு சாராருக்கும் மருந்து ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: சவுக்க காலத்தில் ஒரு பதம். ஓரெழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நீளும் கார்வையில் விரைவு என்னும் திரை இல்லை. மூச்சு குறைந்தாலும், கமகம் மிகுந்தாலும், பொருள் புரியாமல் பாடினாலும் அங்கே உடனே தெரிந்துபோகும்.

ஆகவே, உங்கள் ஆரம்பக் கச்சேரிகளிலேயே, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒதுக்கிவைக்காமல், கேட்பவர்கள் களைப்படையும் முன்னரே, ஒரு பதத்துக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். சபையின் காரியதரிசி கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.