பழைய இரயில் படங்களும் நம் முன்னோர் நின்ற இடங்களும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் அமைப்பைத் தொடங்குவது எளிது. கால் நூற்றாண்டுக் காலம் இடையறாது நடத்துவது அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடித்த உங்களைப் பாராட்டி மகிழ்கிறேன். வெள்ளி விழா என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் நாள். ஆகவே, திரும்பிப் பார்ப்பது எப்படி என்பதற்கே ஒரு பாடமாக, பழைய இரயில் படங்களில் காணும் இடங்களை இன்னவென்று அறியும் முறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கல்வி விழாவில் இரயில் படத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். வேலை உண்டு.

பிறர் தம் குடும்ப வரலாற்றை எழுத முற்பட்டால் அவர்கட்குச் செப்பேடு உண்டு. நிலப் பத்திரம் உண்டு. கோயில் மரியாதைக் கணக்கு உண்டு. நம் முன்னோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இவை இல்லை. அவர்கள் உழைத்தார்கள், அவ்வுழைப்பு பிறருடைய ஏட்டில் பிறருடைய பெயரால் பதிவாயிற்று. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைப்படக் கருவி வந்தது. பாலத்தையும் எஞ்சினையும் படமெடுக்க வந்தவர்கள், தாம் கருதாமலே, அவற்றின் அருகில் நின்ற மனிதர்களையும் படமெடுத்துச் சென்றார்கள்.

அப்படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அடியில் பாலத்தின் பெயர் இருக்கும். சில நேரம் பொறியாளரின் பெயரும் இருக்கும். மண்கூடையுடனோ கடப்பாரையுடனோ நிற்கும் பத்துப் பேருக்குக் 'கூலிகள்' என்ற ஒரு சொல்தான். பல படங்களில் அவர்களை அங்கு நிறுத்தியதே, பாலம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவர் அறிந்துகொள்வதற்காகத்தான். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே அசையாமல் நிற்கச் சொன்னார்கள். அசைந்தவர் உருவம் கலைந்துபோயிற்று. அளவுகோலாக நிறுத்தப்பட்ட அம்மனிதர்கள் யார்? இவ்வினாவுக்கு விடை தேடும் வழி, அவர்கள் நின்ற இடம் எது என்பதிலிருந்தே தொடங்குகிறது. இடம் தெரிந்தால் அருகிலுள்ள ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் கேட்க வேண்டிய வீடு தெரியும்.

முதலில் நம் பகுதியின் இருப்புப்பாதை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதற் பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. அதுவே சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாக நீண்டு, 1862இல் போத்தனூரைத் தொட்டு, மேற்குக் கடற்கரையின் பேப்பூரோடு இணைந்தது. கோவை நகரம் அப்பாதையில் இல்லை என்பதைப் பலர் அறியார். போத்தனூரிலிருந்து கோவைக்கும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்திற்கும் 1873இல்தான் கிளைப்பாதை வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைப்பாதை 1899இல் திறக்கப்பட்டது. அது உதகையை எட்டியது 1908இல். போத்தனூர் – பொள்ளாச்சிப் பாதை 1915இல் வந்தது. இவ்வாண்டுகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இவையே நம் முதற் கருவிகள்.

இனிப் படத்தைப் படிக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, தண்டவாளத்தின் அகலம். சென்னையிலிருந்து ஈரோடு வழியாக வரும் பெரும்பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி ஆறங்குலம். அஃதாவது, ஏறத்தாழ ஓர் ஆளின் உயரம். பொள்ளாச்சிப் பாதை முதலில் மீட்டர் பாதையாக இருந்தது. அதன் இடைவெளி நிற்கும் மனிதனின் இடுப்பளவே வரும். படத்தில் தண்டவாளத்தருகே ஒருவர் நின்றால் போதும், எப்பாதை என்று கூறிவிடலாம். போத்தனூர் நிலையப் படத்தில் மீட்டர் பாதை தெரிந்தால் அது 1915க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. அப்பாதை இந்நூற்றாண்டில் அகலப் பாதையாக மாற்றப்பட்டுவிட்டதால், பின் எல்லையும் நமக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது, எழுத்துகள். பெட்டியின் மீதும், விளக்கின் மீதும், நிலையச் சுவரின் மீதும் நிறுவனத்தின் முதலெழுத்துகள் இருக்கும். நம் பெரும்பாதை முதலில் மதராஸ் இரயில்வேயின் உடைமை. 1908 முதல் தென்னிந்திய இரயில்வேயின் பொறுப்புக்கு வந்தது. தெற்கு இரயில்வே பிறந்தது 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள். அந்நாள் அண்ணல் அம்பேத்கரின் அறுபதாம் பிறந்த நாளும் ஆகும் என்பதால் நமக்கு மறவாது. மூன்று பெயர்கள், மூன்று காலங்கள். இவற்றோடு பாதையோரத்து மைல் கல்லையும் பாருங்கள். அதில் உள்ள எண்ணைக் கண்ணாடி கொண்டு படிக்க முடிந்தால் இடத்தின் தொலைவே கிடைத்துவிடும்.

மூன்றாவது, அடிவானம். கட்டடம் இடியும், மரம் வெட்டுண்ணும், பெயர்ப் பலகை மாறும். மலையின் விளிம்பு எளிதில் மாறாது. சங்ககிரிக் கோட்டை மலை, இருப்புப்பாதைக்குத் தெற்கே நிற்கும் சென்னிமலை, மேட்டுப்பாளையத்திற்கு அப்பால் சுவர்போல் எழும் நீலகிரி, இவை ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. படத்தை எடுத்துக்கொண்டு ஐயத்திற்குரிய நிலையத்திற்கே சென்று, மலை விளிம்பு பொருந்துமாறு முன்னும் பின்னும் நகர்ந்து நில்லுங்கள். பொருந்திய இடமே படக்காரர் நின்ற இடம். இதற்குச் செலவு ஒரு பயணச்சீட்டுதான்.

நான்காவது, நிழல். கோவை ஏறத்தாழ வடக்கு 11 பாகையில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சற்றுத் தெற்கே விழும். ஈரோட்டிலிருந்து வரும் பாதை பொதுவாகக் கிழக்கு மேற்காகவும், மேட்டுப்பாளையப் பாதை தெற்கு வடக்காகவும் செல்கின்றன. நிழல் தண்டவாளத்தை எவ்வாறு வெட்டுகிறது என்று பார்த்தால் பாதையின் திசையை ஓரளவு ஊகிக்கலாம்.

ஐந்தாவது, புகைபோக்கிகளும் கம்பிகளும். கோவையின் முதல் நூற்பாலையான ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் தோன்றியது. மதுக்கரைச் சிமெண்டு ஆலை 1930களில் வந்தது. அதன் புகைபோக்கி பின்னணியில் தெரிந்தால் படத்தின் முன் எல்லை தானே கிடைக்கிறது. பாதைக்கு மேலே மின்கம்பி ஓடினால் அது நம் பகுதியில் 1990களுக்கு முற்பட்ட படம் அன்று.

ஆறாவது, ஓர் எச்சரிக்கை. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். எழுத்துகள் தலைமாறி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையேல் எந்த மலையும் பொருந்தாது.

மலைப் பாதைப் படங்களில் குழப்பம் மிகுதி. நீலகிரிப் படத்தை டார்ஜிலிங் என்றும், டார்ஜிலிங் படத்தை நீலகிரி என்றும் சொல்லிவிடுவார்கள். வேறுபாடு எளிது. டார்ஜிலிங் பாதையின் அகலம் இரண்டே அடி. அங்குப் பற்சட்டம் கிடையாது. நீலகிரிப் பாதை மீட்டர் அகலம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். எஞ்சின் மேலேறும்போது முன்னின்று இழுக்காமல் பின்னின்று தள்ளும். நடுச்சட்டம் தெரிந்தால் கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, குன்னூர் என்ற அவ்வெல்லைக்குள் தேடுங்கள். பாக்குத் தோப்பு தெரிந்தால் கல்லாற்றுப் பக்கம் முதலில் பாருங்கள். 46 கிலோமீட்டர் நீளத்தில் 208 வளைவுகளும், 16 குகைவழிகளும், 250 பாலங்களும் கொண்டு, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் இப்பாதையை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அப்பாலங்களுக்குக் கல் சுமந்தவர் யாவர் என்ற வினா மட்டும் இன்னும் நிற்கிறது.

இளைஞர்களே, இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். படத்தில் நிற்பவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நம் உள்ளம் துடிக்கும். இருப்புப்பாதை வேலைக்குப் பல சாதியினரும் வந்தார்கள்; நம்மவரும் வந்தார்கள். ஆகவே, விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டினார் என்பது நாம் பெருமையோடு நினைக்கும் வரலாறு. மலை இரயிலில் ஏறும் கூட்டத்தின் படமொன்றைக் காட்டி, 'இவர்கள் அம்மாநாட்டிற்குச் சென்றவர்கள்' என்று ஒருவர் கூறினால் நமக்கு இனிக்கும். ஆயினும் அன்று இரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிட்டது. மலைமேல் இரயில் ஏற இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. சமவெளியிலிருந்து சென்றவர்கள் வண்டியிலோ கால்நடையாகவோதான் மலை ஏறியிருக்க வேண்டும். உண்மை, அவர்களின் பெருமையைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை. பிறர் சொல்லை ஒருமுறை ஆராய்பவர்கள் நம் சொல்லைப் பத்துமுறை ஆராய்வார்கள். ஆகவே நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் பதினோராவது முறையும் நிற்க வேண்டும்.

படம் காட்டாதவற்றையும் நினைத்தல் வேண்டும். 1901இல் சிறுவர் அம்பேத்கர் தம் உடன்பிறந்தாரோடும் உறவினரோடும் மராட்டியத்து மசூர் நிலையத்தில் இறங்கிக் காத்திருந்தார். அவர்கள் இன்ன சாதியார் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. இரட்டை வாடகை தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். அந்நிலையத்தின் படம் கிடைத்தால் அதில் அழகிய கட்டடம்தான் தெரியும். நம் தென்னாட்டு நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்குத் தனியிடம் இருந்தது. பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1941இல் அது ஒழிந்தது. அவ்வேற்றுமையைக் கூறும் பலகை ஒரு படத்தில் தெரிந்தால், காலக்குறிப்போடு சமூகக் குறிப்பும் நமக்குக் கிடைக்கிறது. அவ்வாறே, போத்தனூரில் நிற்கும் மூடிய சரக்குப் பெட்டி ஒன்றின் படம் வெறும் பெட்டிப் படமே. 1921 நவம்பரில் திரூரிலிருந்து அத்தகைய பெட்டி ஒன்றில் அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைக் கைதிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டதும், அக்கதவு போத்தனூரில் திறக்கப்பட்டதும் தெரிந்தவர்க்கு அந்நிலையத்தின் பெயரே வேறு பொருள் தரும்.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? கேங்மேனாகவும், கீமேனாகவும், கேட் காவலராகவும் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் இன்றும் இருக்கிறார்கள். எந்த மைலில் எந்தப் பாலம், எந்த வளைவில் எந்த மரம் என்பதை எந்த நூலையும்விட அவர்கள் நன்கு அறிவார்கள். ஒவ்வொரு நாளும் நடந்து பார்த்த பாதை அல்லவா? அவர்களிடம் படத்தைக் காட்டுங்கள். 'இது மதுக்கரைதானே?' என்று கேட்காதீர்கள். 'இது எந்த இடம், ஐயா?' என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கூறாமல் இருவரைத் தனித்தனியே கேளுங்கள். இருவர் விடையும் ஒத்தால் மலை விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொன்னவர் பெயரையும், சொன்ன நாளையும், எதைக் கண்டு அவ்வாறு சொன்னார் என்பதையும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு படத்திற்கும் 'உறுதி', 'பெரும்பாலும்', 'ஐயம்' என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். 'ஐயம்' என்று எழுதுவது இழுக்கன்று, அறிவின் அடையாளம்.

நம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள படங்களையும் மறவாதீர்கள். படத்தின் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நிலையத்தின் முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேனாவால் அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். தாய்மார்களையும் கேளுங்கள். பாதையில் ஜல்லி சுமந்த பாட்டிமார்கள் நம் தெருக்களில் உண்டு. அவர்களைப் படமெடுத்தவரும் குறைவு, கேட்டவரும் குறைவு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும், பெரம்பூர் இரயில் அருங்காட்சியகத்தையும் நம் மாணவர்கள் ஒருமுறையேனும் கண்டு வருதல் நன்று.

இக்கழகத்திற்கு என் வேண்டுகோள் ஒன்றே. இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே ஓர் ஏட்டைத் தொடங்குங்கள். அதில் படம் ஒரு பக்கம், இடமும் காலமும் சான்றும் மறுபக்கம் இருக்கட்டும். நூறு படங்களுக்கு இடம் கண்டு, அவற்றுள் ஒரே ஒரு படத்தில் நிற்கும் ஒரே ஒருவருக்கேனும் சான்றோடு பெயர் எழுத முடிந்தால், 'கூலி' என்ற சொல் அங்கே ஒருமுறை அடிக்கப்பட்டு, ஒரு மனிதரின் பெயர் அவ்விடத்தில் ஏறும். முதியவர்களின் நினைவு நமக்காகக் காத்திராது. ஆகவே இப்பணியை அடுத்த விழாவுக்கு ஒத்திவையாதீர்கள்.