மாத்திரை வயிற்றுக்குப் போகட்டும்

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்கு ஆயிரம் இருக்கும். எத்தனையாவது மாதம், வாந்தி நின்றதா, எது பிடிக்கிறது, வளைகாப்பு எப்போது. “ரத்தம் எத்தனை பாயிண்ட் இருக்கிறது?” என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. தாய்க்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து மிகப் பரவலாக இருக்கும் குறை எதுவென்றால், அது அந்த எண்ணில்தான் தெரியும். இன்று ரத்தசோகையைப் பற்றிப் பேசலாம்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு. நம் ஊர்களில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை காசில்லாமல் கிடைக்கிறது. இவ்வளவு இருந்தும் இரண்டு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு ரத்தம் குறைவு என்றால், சிக்கல் மருந்து கிடைப்பதில் மட்டும் இல்லை. மாத்திரை கைக்கு வந்தபின், வயிற்றுக்குப் போவதற்குள் என்ன ஆகிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின், அதாவது அந்தப் பாயிண்ட், 11 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 10க்கு மேல் இருந்தால் லேசானது. 7 முதல் 10 வரை நடுத்தரம். 7க்குக் கீழே இறங்கினால் கடுமையானது. மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. நீர்ப்பகுதி அதிகம் கூடுவதால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போவது இயல்பு. ஆனால் புதிய சிவப்பணுக்கள் உருவாகவும், நஞ்சுக்கொடிக்கும், பிள்ளைக்கும், பிரசவத்தில் போகும் ரத்தத்துக்கும் சேர்த்து, ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது.

“நல்லாச் சாப்பிட்டால் போதாதா, மாத்திரை எதற்கு?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஒன்றிரண்டு மில்லிகிராம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தேவையோ நாளுக்கு ஆறேழு மில்லிகிராம் வரை போகிறது. கல்யாணத்துக்கு முன்பே இரும்பு சேமிப்பு இல்லாத பெண்ணுக்கு, சாப்பாடு மட்டும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. அதனால்தான் நான்காம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள் என்று அரசு வகுத்திருக்கிறது. மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 நாள் தொடர வேண்டும்.

அந்த ஃபோலிக் அமிலத்துக்கு நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளர்களிடையே, கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. காரணத்தைத் தேடிய அவர் 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று திருவல்லிக்கேணியில் இருப்பது அதுதான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, விலை மலிவான ஒரு சாற்றைக் கொடுத்தபோது அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறியதை அவர் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது. 1941இல் அதைப் பசலைக் கீரை வகையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

ரத்தத்துக்கு மட்டும் அல்ல, பிள்ளையின் முதுகுத் தண்டுக்கும் அது வேண்டும். கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் மூளையும் தண்டுவடமும் ஆக வேண்டிய குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் சந்தேகப்படும் நேரத்தில் அந்த வேலை முடியும் கட்டத்துக்கு வந்திருக்கும். ஆகவே, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேட்டு ஃபோலிக் அமிலம் தொடங்குவது நல்லது. முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1991இல் வெளிவந்தது. குறை திரும்ப வருவது 72 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது.

சரி, மாத்திரை ஏன் உள்ளே போவதில்லை? இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், 180 நாள் மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் நூற்றுக்கு 26 பேர்தான். இதற்கு அலட்சியம் என்று பெயர் வைத்துவிட்டுப் போவது எளிது. ஆனால் பெண்கள் சொல்லும் காரணங்களைக் காதுகொடுத்துக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது.

முதல் காரணம், குமட்டல். ஏற்கெனவே மசக்கை, அதன்மேல் இரும்பு வாடை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரும்பு நன்றாக ஏறும் என்பது உண்மை. ஆனால் குமட்டி வெளியே வருவதைவிட, இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகுமுன் போட்டுக்கொள்வது மேல். இரண்டாவது, மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். உடலில் ஏறாத இரும்பு வெளியேறும் நிறம் அது; பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது, மலச்சிக்கல். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா இவற்றைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்; மருத்துவர் மருந்தை மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

நான்காவது, பேச்சில் பரவும் பயங்கள். “மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும்”, “பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்” என்பவை அவை. இரண்டும் உண்மை இல்லை. பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. மாத்திரையும் அதை மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது. மாறாக, ரத்தம் குறைந்த தாய்க்குத்தான் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், 12 பாயிண்ட் உள்ள தாய் தாங்குவதை 7 பாயிண்ட் உள்ள தாய் தாங்க மாட்டாள்.

இனி, சாப்பிடும் மாத்திரையும் வீணாகப் போகும் இடம். காப்பி, டீயோடு இரும்பு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டே மாத்திரையை விழுங்குவது அதைக் குப்பையில் போடுவதற்குச் சமம். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் கூடவே போட வேண்டாம். ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்புள்ள காய் கனிகளோடு இரும்பு நன்றாக ஏறும். முருங்கைக்கீரைப் பொரியலும் எலுமிச்சை ரசமும் ஒரே இலையில் வருவது மருத்துவக் கணக்குப்படியும் சரிதான். அசைவம் சாப்பிடுவோருக்கு ஈரல், மீன், கருவாடு. ஈரல் மட்டும் கர்ப்ப காலத்தில் அளவோடு இருக்கட்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். மாமிசத்தில் உள்ள இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாக ஏறும். பீட்ரூட்டும் மாதுளையும் நல்லவைதான். ஆனால் அவற்றின் சிவப்பு இரும்பின் சிவப்பு அல்ல. அவற்றை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மசக்கையில் சாம்பல், செங்கல் தூள், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி தின்னும் ஆசை சிலருக்கு வரும். வீட்டில் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். மண் தின்னும் பிள்ளையை அடிப்பார்கள். சிரிப்பும் வேண்டாம், அடியும் வேண்டாம். இரும்பு குறைந்தவர்களிடம் இந்த ஆசை அதிகம் காணப்படுகிறது. அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு ரத்தம் பாருங்கள். கீழிமையின் உட்புறமும் நாக்கும் வெளிறியிருப்பது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, இவையும் அப்படித்தான். “மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்” என்ற ஒரு வாக்கியம் பல தாய்மார்களின் ரத்தசோகையை மறைத்து வைத்திருக்கிறது.

மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வெறுங்காலோடு நடக்கும் மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் கொக்கிப்புழு, குடலில் கடித்துக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். முதல் மூன்று மாதம் கழிந்தபின் மருத்துவர் பூச்சி மாத்திரை தருவார். தலசீமியா போன்ற பரம்பரைக் குறையும் இருக்கலாம். மாதங்கள் கடந்து தாமதமாகக் கண்டுபிடித்தால், அரசு மருத்துவமனைகளில் இரும்புச்சத்தை நரம்பு வழியாகவே ஏற்றுகிறார்கள். “டிரிப்ஸ் போட்டால் சீரியஸ்” என்று அஞ்ச வேண்டாம்.

இனிக் குழந்தைக்கு வருவோம். பிள்ளை தன் முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைத் தாயின் வயிற்றிலேயே சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. அதிலும் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில் சேர்க்கிறது. தாயிடம் இல்லையென்றால் பிள்ளைக்கும் சேமிப்புக் குறைவு. குறைமாதத்தில் பிறந்தால் இன்னும் குறைவு. பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக வெட்டாமல், ஒரு நிமிடமாவது பொறுத்துக் கட்டினால், கொடியில் இருக்கும் ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து அந்தச் சேமிப்புக் கூடும்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் சேமிப்புத் தீர்ந்துவிடும். இணை உணவுதான் கைகொடுக்க வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் தடம் புரள்கிறது. கஞ்சித்தண்ணீர், பால் சாதம், பிஸ்கட் என்று ஒரு வயது ஓடிவிடும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்குள் அதையே முக்கிய உணவாகக் கொடுத்தால், பிள்ளை கொழுகொழு என்று இருந்தாலும் உள்ளே ரத்தம் இருக்காது. மசித்த பருப்பும் கீரையும், முட்டை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, மீனோ கோழியோ மசித்தது, இவை வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப்பும் அரசுத் திட்டத்தில் உண்டு. ஒரு வயதுக்கு மேல், ஆண்டுக்கு இரு முறை குடற்புழு நீக்க மாத்திரையும் உண்டு. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்பு குறைந்தால் கவனமும் கற்றலும் பாதிக்கப்படுகின்றன. பின்னால் ரத்தத்தைச் சரிசெய்துவிடலாம். இழந்த கற்றலை முழுதாக மீட்பது கடினம்.

ஓர் எச்சரிக்கை. இரும்பு மாத்திரை பார்க்க மிட்டாய்போல் சிவப்பாக இருக்கும். சின்னப் பிள்ளை ஒரு கை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிரசவமான வீட்டில் பத்தியம் என்ற பெயரில் கீரையும் பழமும் மீனும் நிறுத்தப்படுவதுண்டு. ரத்தம் இழந்து பாலும் கொடுக்கும் உடலுக்கு அது கூடுதல் சுமை. பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கிடைக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையையும் தூக்கி எறிய விடாதீர்கள். அடுத்த தலைமுறையின் ரத்தம் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் கர்ப்பிணிக்கு வேண்டாம். குழம்பில் மீன் துண்டு இருக்கும்போதே அவள் உட்காரட்டும். இரவில் மாத்திரையையும் தண்ணீரையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அவளோடு போய், “எத்தனை பாயிண்ட்?” என்று கேளுங்கள். போன மாதத்தைவிட ஏறவில்லை என்றால், ஏன் என்று விளக்கம் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.